பேனாவின் குணம் மையில் இருக்கிறது

எழுதுபொருள் கடையில் பேனா வாங்குபவர் பெரும்பாலும் விலையையும் நிறத்தையும் பழகிய பெயரையும் பார்த்தே வாங்குகிறார். சற்றுக் கவனமுள்ளவர் ஒரு துண்டுத் தாளில் இரண்டு சுழி சுழித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கிறார். ஆனால் பத்துப் பக்கம் எழுதி முடித்தபின் விரல் வலிக்குமா, எழுதிய வரியின்மீது கை பட்டால் மை இழுபடுமா, தாளின் பின்பக்கத்தில் ஊறித் தெரியுமா, மழையில் நனைந்தால் எழுத்து நிற்குமா, இருபது ஆண்டுகள் கழித்தும் படிக்கும்படி இருக்குமா என்னும் கேள்விகளுக்கு விலையும் நிறமும் விடை சொல்வதில்லை. அவற்றுக்கெல்லாம் விடை பேனாவுக்குள் இருக்கும் மையில் இருக்கிறது. அந்த மை எவ்வளவு கெட்டியானது, எண்ணெய்ப் பசையுள்ளதா நீர்த்தன்மை உள்ளதா, அதன் நிறம் எதனால் உண்டானது என்னும் மூன்றும் தெரிந்துவிட்டால், பேனாவின் மற்றக் குணங்களில் பெரும்பாலானவற்றை எழுதிப் பார்க்காமலேயே சொல்லிவிடலாம்.

அன்றாட எழுத்துக்கு இன்று பயன்படும் பேனாக்கள் நான்கு வகைக்குள் அடங்கும். கெட்டியான எண்ணெய் மையை ஒரு சிறு குண்டின் வழியே தாளில் தடவும் பந்துமுனைப் பேனா, அதே குண்டின் வழியே கூழ் போன்ற நீர் மையை இறக்கும் ஜெல் பேனா, குண்டு உண்டு ஆனால் மை முழுக்க நீர்மமாக இருக்கும் உருளைமுனைப் பேனா, குண்டே இல்லாமல் பிளவுபட்ட உலோக நிப்பின் வழியே மையைத் தாளுக்குத் தரும் மைப் பேனா என்பவையே அவை. பென்சிலின் எழுத்து கரியின் ஒரு வடிவமான கிராஃபைட்டால் ஆனது. அதற்கு உலர்தலும் இல்லை, வெளிறுதலும் இல்லை. எனினும் அழிக்கக் கூடியது என்பதால் அதன் பயன் வேறு. அது இந்தக் கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

பந்துமுனை: கெட்டி மையின் வலிமையும் விலையும்

எழுதுகோலின் முனையில் உருளும் குண்டு ஒன்றைப் பொருத்தலாம் என்னும் எண்ணம் பழையது. அமெரிக்கரான ஜான் லவுட் 1888-இல், தோல் போன்ற முரட்டுப் பரப்புகளில் குறியிடுவதற்காக அத்தகைய கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அது தாளில் எழுத உதவவில்லை. நீர் மையை வைத்தால் குண்டின் ஓரமாகக் கசிந்தது, கெட்டி மையை வைத்தால் குண்டு உருள மறுத்தது. அங்கேரியப் பத்திரிகையாளரான லாஸ்லோ பிரோ, அச்சகத்து மை விரைவில் உலர்வதையும் பூசிக்கொள்ளாமல் இருப்பதையும் கவனித்து, அதைப் போன்ற மையைப் பேனாவுக்குள் கொண்டுவர முனைந்தார். அது நிப்பின் வழியே இறங்காத அளவுக்குக் கெட்டியாக இருந்ததால், வேதியியல் அறிந்த தம் சகோதரர் ஜார்ஜின் துணையுடன் குண்டு முனைக்கு ஏற்றபடி மையைத் திருத்தி, 1938-இல் காப்புரிமை பெற்றார். போர்க்காலத்தில் அர்ஜென்டினாவில் குடியேறி, 1943-இல் அங்கும் பெற்றார். ஆக, பந்துமுனைப் பேனாவின் வரலாறே ஏறத்தாழ ஒரு மையைத் தேடிய வரலாறு.

நியூயார்க்கில் 1945 அக்டோபர் 29 அன்று மில்டன் ரெனால்ட்ஸ் விற்பனைக்குக் கொண்டுவந்த பேனாவின் விலை 12.50 டாலர். அன்று அது ஆடம்பரப் பொருள். மேலும் அது ஒழுகியது. பிரான்சில் மார்செல் பீக் 1950-இல் வெளியிட்ட பிக் கிறிஸ்டல், குண்டையும் அது அமரும் குழியையும் மிக நுட்பமான அளவில் செய்து, ஒழுகாத பேனாவை எளிய விலையில் எல்லோர் கையிலும் சேர்த்தது. இந்தியாவில் அதற்கு இணையான இடத்தைப் பிடித்தது, வெள்ளை உடலும் நீல மூடியும் கொண்டு சென்னையிலிருந்து நாடெங்கும் பரவிய ரெனால்ட்ஸ் 045. இன்று ஐந்து, பத்து ரூபாய்க்கு விற்கும் பந்துமுனைப் பேனாக்கள் எல்லாம் இதே அமைப்பைப் பின்பற்றுபவை.

அதன் இயக்கம் எளிது. முனையில் இருக்கும் குண்டு பெரும்பாலும் டங்ஸ்டன் கார்பைடு என்னும் மிகக் கடினமான பொருளால் ஆனது, விட்டம் 0.5 மில்லிமீட்டரிலிருந்து 1 மில்லிமீட்டர் வரை இருக்கும். தாளில் அழுத்தி இழுக்கும்போது குண்டு உருள்கிறது. உட்பக்கம் மையைத் தொட்ட பகுதி வெளியே வந்து தாளில் அதைத் தடவுகிறது. ஒரு நீர்மம் ஓடுவதற்குக் காட்டும் தடையைப் பாகுநிலை என்பர். பந்துமுனை மையின் பாகுநிலை நீரைவிடப் பல ஆயிரம் மடங்கு மிகுதி. இதன் நன்மைகள் பல. மை கசியாது, மூடி இல்லாமல் கிடந்தாலும் எளிதில் காயாது, மெல்லிய தாளிலும் பின்பக்கம் ஊறாது, ஒரு ரீஃபில் 2 முதல் 3 கிலோமீட்டர் நீளத்துக்குக் கோடு இழுக்கும், எண்ணெய்ப் பசை என்பதால் தண்ணீர் பட்டாலும் எழுத்து கலையாது.

தீமைகளும் அதே கெட்டித்தன்மையிலிருந்தே வருகின்றன. குண்டை உருட்டவும் மையைத் தாளில் பதிக்கவும் கை அழுத்த வேண்டியிருக்கிறது. அந்த அழுத்தம் ஒரு வரிக்கு மிகச் சிறியது. மூன்று மணி நேரத் தேர்வில் அது பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் மணிக்கட்டிலும் சேர்ந்துகொண்டே போகிறது. பேனாவைச் சாய்த்துப் பிடித்தால் குண்டுக்குப் பதிலாக அதைத் தாங்கும் உலோக விளிம்பு தாளில் உராய்ந்து கோடு விட்டுப்போகும். ஆதலால் பந்துமுனைப் பேனாவைச் சற்று நிமிர்த்தியே பிடிக்க வேண்டும். எழுத்து திரும்பும் இடங்களில் குண்டின் ஓரத்தில் தேங்கிய மை திட்டாக விழுவதும், குளிர்ந்த இடத்தில் மை மேலும் இறுகி முதல் சில எழுத்துகள் வராமல் போவதும் இதன் இயல்பான குறைகள்.

இந்தக் குறைகளைக் களையும் முயற்சியாக, எண்ணெய் மையாகவே இருந்தும் பாகுநிலை வெகுவாகக் குறைக்கப்பட்ட மைகள் உருவாயின. ஜப்பானின் மிட்சுபிஷி பென்சில் நிறுவனம் 2006-இல் அந்நாட்டுச் சந்தைக்குக் கொண்டுவந்த ஜெட்ஸ்ட்ரீம் இவ்வகையில் பெயர்பெற்றது. இந்தியச் சந்தையிலும் இத்தகைய வழவழப்பான மையுடன் பல பேனாக்கள் குறைந்த விலையில் கிடைக்கின்றன. பழைய வகையைவிட இவை கையை மிகவும் குறைவாகவே வருத்துகின்றன. எனவே பந்துமுனைப் பேனாதான் வேண்டும் என்பவர் முதலில் தேட வேண்டியது இந்த வகையை.

ஜெல்: அசைந்தால் இளகும் மை

ஜெல் மையை ஒசாகாவைச் சேர்ந்த சக்குரா நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் உருவாக்கி, 1984-இல் பேனாவாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவர்கள் தீர்க்க முயன்ற சிக்கல் இது: நிறமி என்பது நீரில் கரையாத நுண்துகள், அதை நீரில் கலந்தால் நாளடைவில் அடியில் படிந்துவிடும். படியாமல் தாங்கி நிற்க மை கெட்டியாக இருக்க வேண்டும். குண்டின் வழியே தாராளமாக இறங்க அது இளகியும் இருக்க வேண்டும். இந்த இரண்டு தேவைகளையும், உணவுப் பொருள்களிலும் சேர்க்கப்படும் சாந்தன் பசை போன்ற பொருள்கள் நிறைவேற்றுகின்றன. குப்பியைக் கவிழ்த்தாலும் வராமல் நின்று, தட்டி அசைத்ததும் சட்டென்று இளகிக் கொட்டும் தக்காளிச் சாஸைப் போல, ஜெல் மை ரீஃபிலுக்குள் இருக்கும்போது கூழாகவும், உருளும் குண்டு அதைக் கலக்கும் நொடியில் நீர்மமாகவும், தாளில் விழுந்ததும் மீண்டும் கூழாகவும் மாறுகிறது. ரீஃபிலில் மைக்குப் பின்னால் தெரியும் நிறமற்ற பசை, மை காயாமலும் பின்வழியே ஒழுகாமலும் காக்கும் அடைப்பு.

இதனால் ஜெல் பேனா மிகக் குறைந்த அழுத்தத்தில், செறிவான, ஒரே சீரான கோட்டைத் தருகிறது. கறுப்பு உண்மையிலேயே கறுப்பாக விழுவதால், விடைத்தாள் திருத்துபவருக்கும் நெடுநேரம் குறிப்புகளைத் திரும்பப் படிப்பவருக்கும் கண்ணுக்கு இதமாக இருக்கிறது. அதற்கு ஈடாக மை வேகமாகச் செலவாகிறது. பந்துமுனை ரீஃபில் எழுதும் தூரத்தில் ஒரு சிறு பங்கையே ஜெல் ரீஃபில் எழுதுகிறது. நீர் ஆவியாகித்தான் எழுத்து உலர வேண்டும் என்பதால், எழுதிய சில நொடிகளுக்குள் கை பட்டால் இழுபடும். எழுதிய வரியின்மீதே கை நகரும் இடக்கைப் பழக்கமுள்ளவர்களுக்கு இது நாள்தோறும் தொல்லை. முனை கீழே படும்படி ஒருமுறை விழுந்தால் குண்டு அமர்ந்திருக்கும் குழி நசுங்கி, ரீஃபிலில் பாதி மை இருக்கும்போதே பேனா எழுத மறுப்பதும் மாணவர்கள் நன்கு அறிந்த துன்பம். ஊசி போல் நீண்ட முனைகளுக்கு இந்த ஆபத்து கூடுதல். கூம்பு வடிவ முனைகள் சற்றுத் தாங்கும்.

உருளைமுனைப் பேனா இதற்கு ஒரு படி அப்பால் நிற்கிறது. பைலட் வி5, யூனிபால் ஐ ஆகியவை இந்த வகையில் பரவலாக அறியப்பட்டவை. இவற்றில் மை ஏறத்தாழ மைப் பேனாவின் மையைப் போலவே நீர்த்திருக்கும். எனவே தாளைத் தொட்டாலே எழுதும், கையெழுத்திடுவதற்கு மிகவும் ஏற்றது. ஆனால் மெல்லிய நோட்டுத் தாளில் பின்பக்கம் ஊறும், ஓரிடத்தில் நிறுத்தினால் புள்ளி பரவும், மூடாமல் வைத்தால் காயும். நல்ல தாளும் நிதானமும் உள்ள இடத்தில் இது சிறந்த பேனா. அவசரமாகக் குறிப்பெடுக்கும் வகுப்பறையில் அவ்வளவு பொருந்தாது.

மைப் பேனா: அழுத்தம் தேவைப்படாத எழுத்து

மைப் பேனாவில் குண்டு இல்லை, உருளும் பகுதி எதுவும் இல்லை. அதன் இயக்கம் முழுவதும் நீர்மத்தின் இயல்பையே நம்பியிருக்கிறது. மிகக் குறுகிய வழியில் நீர்மம் தானாகவே இழுக்கப்பட்டு ஏறுவதை நுண்புழை ஏற்றம் என்பர். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இதனால்தான். நிப்பின் நடுவிலுள்ள மெல்லிய பிளவு அத்தகைய வழி. நிப்பின் அடியில் பொருந்தியிருக்கும் கறுப்புக் கட்டையில் மை இறங்க ஒரு நுண்ணிய கால்வாயும், இறங்கிய மைக்கு ஈடாகக் காற்று உள்ளே செல்ல ஒரு வழியும் உண்டு. காற்று உள்ளே போகாவிட்டால் மை வெளியே வராது. மிகுதியாகப் போனால் மை கொட்டும். இந்த இரண்டையும் சமன்செய்யும் கட்டைக்கு 1884-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற லூயிஸ் வாட்டர்மேன், மைப் பேனாவை நம்பத்தக்க கருவியாக்கியவர்களுள் முதன்மையானவராகக் கருதப்படுகிறார். நிப்பின் நுனியில் இரிடியம் முனை என்று வழங்கும் கடின உலோகத் துளி ஒன்று பற்றவைக்கப்பட்டிருக்கும். எஃகு நிப்பானாலும் தங்க நிப்பானாலும் தாளில் உராய்வது அந்தத் துளியே.

தாளைத் தொட்டதும் தாளின் நார்களே மையை இழுத்துக்கொள்வதால், கை அழுத்த வேண்டிய தேவை இல்லை. பேனாவின் எடையே போதும். நெடுநேரம் எழுதுபவர்களுக்கு மைப் பேனாவைப் பரிந்துரைப்பதற்கு உண்மையான காரணம் இதுவே. அழுத்தி எழுதினால் நிப்பின் இரு பற்கள் விரிந்து கோடு தடித்துவிடுவதால், அழுத்தக் கூடாது என்பதைப் பேனாவே கைக்குக் கற்பிக்கிறது. தொடக்கப் பள்ளிப் படிப்பு முடிந்ததும் பென்சிலிலிருந்து நேரே மைப் பேனாவுக்கு மாற வேண்டும் என்று பல பள்ளிகள் முன்பு வலியுறுத்தி வந்ததன் பயன் இங்கே தெரிகிறது.

இந்திய மைப் பேனாக்களில் நெடுங்காலம் வழங்கிவந்தது, உடலையே மைப் புட்டியாகக் கொண்டு, கழுத்தைக் கழற்றி ஃபில்லரால் மையைச் சொட்டவிட்டு நிரப்பும் அமைப்பு. அதில் மை நிறைய கொள்ளும். ஆனால் மை பாதிக்குக் கீழே குறைந்ததும் உள்ளே காற்று மிகுந்து, கையின் சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையைத் தள்ளும். பேனா மை கக்குவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பாதியானதும் மீண்டும் நிரப்பிவிடுவதே அதற்கு மருந்து. கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பரான எபோனைட், உலோகத்தைப் போலவோ மெல்லிய பிளாஸ்டிக்கைப் போலவோ வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. எனவே இத்தகைய பேனாக்களுக்கு அது நல்ல மூலப்பொருள். திருவள்ளூரைச் சேர்ந்த ரங்கா, ஆந்திரத்து ராஜமுந்திரியைச் சேர்ந்த ரத்னம் ஆகிய பெயர்களில் எபோனைட்டைக் கடைந்து செய்யும் கைவினைப் பேனாக்கள் இன்றும் வெளிவருகின்றன; உலகின் பல நாடுகளிலிருந்து பேனா விரும்பிகள் அவற்றைத் தேடி வாங்குகின்றனர். சென்னைப் பாரிமுனையில் உள்ள ஜெம் அண்ட் கோ போன்ற பழைய கடைகள் மைப் பேனாவையும் அதன் பழுதுபார்ப்பையும் விடாமல் காத்துவந்துள்ளன.

மைப் பேனாவுக்குப் பராமரிப்பு வேண்டும் என்பது உண்மை. ஆனால் அது கடினமானது அன்று. வேறு நிற மைக்கு மாறும்போதும், சில வாரங்கள் எழுதாமல் வைக்கும்போதும், குளிர்ந்த நீரால் நிப்பையும் கட்டையையும் நிறம் வராத வரை அலசினால் போதும், வெந்நீர் கூடாது. ஓவியத்துக்கான அரக்கு கலந்த மையை இதில் ஊற்றக் கூடாது. அது உலர்ந்தால் நுண்வழிகள் நிரந்தரமாக அடைத்துக்கொள்ளும்.

தமிழ் எழுத்தும் முனையின் அளவும்

முனை அளவைப் பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் ரோமன் எழுத்தை மனத்தில் வைத்துச் சொல்லப்படுபவை. தமிழ் எழுத்தின் தேவை வேறு. ஓலையில் எழுத்தாணியால் கீறிய காலத்தில் நேர்க்கோடு நாரைக் கிழிக்கும் என்பதால் வளைவும் சுழியும் இந்த எழுத்தில் பெருகின. புள்ளி பெரும்பாலும் விடப்பட்டது. தாளும் அச்சும் வந்தபின் புள்ளி திரும்ப வந்து நிலைத்தது. சுழிகளும் அப்படியே இருந்தன. ஆகவே இன்றைய பேனா, நெருக்கமான சுழிகளையும் நுண்ணிய புள்ளிகளையும் ஒருசேரத் தெளிவாகக் காட்ட வேண்டியிருக்கிறது.

‘எண்ணெய்’ என்னும் சொல்லை எழுதிப் பார்த்தால் இது விளங்கும். அதில் மூன்று சுழி ணகரம் இருமுறை வருகிறது, ஒற்றைக்கொம்பு ஒன்று வருகிறது, புள்ளி இரண்டு இடத்தில் வருகிறது. 1 மில்லிமீட்டர் குண்டுள்ள பேனாவால் சிறிய எழுத்தில் இதை எழுதினால் சுழிகளின் உள்வெளி அடைபட்டு, மூன்று சுழியா இரண்டு சுழியா என்பதே ஐயமாகிவிடும். ணகரத்துக்கும் னகரத்துக்கும் உள்ள வேறுபாட்டை மதிப்பெண்ணாக எண்ணும் மொழித் தேர்வில் இது சிறிய குறை அன்று. பேனாவின்மீது அச்சிட்டிருக்கும் 0.5, 0.7 என்னும் எண்கள் குண்டின் விட்டத்தையே குறிக்கின்றன, கோட்டின் அகலத்தை அல்ல. பந்துமுனையில் கோடு ஏறத்தாழ அதில் பாதி அகலமே இருக்கும், ஜெல் பேனாவில் மை சற்றுப் பரவுவதால் அதைவிடக் கூடுதலாக இருக்கும். எனவே சிறிய தமிழ் எழுத்துக்குப் பந்துமுனையில் 0.6 அல்லது 0.7, ஜெல்லில் 0.5 பொருந்தும். இரட்டைக் கோடு நோட்டில் பெரிதாக எழுதிப் பழகும் குழந்தைக்கு இதைவிடச் சற்றுத் தடித்த முனையே ஏற்றது. மிக மெல்லிய முனை தாளைக் கீறும்.

புள்ளியிலும் மையின் குணம் தெரிகிறது. பந்துமுனைப் பேனாவில் குண்டு உருண்டால்தான் மை வரும். மேலிருந்து தொட்டு எடுத்தால் குண்டு உருள்வதில்லை, ஆகையால் புள்ளி சில வேளைகளில் விழுவதே இல்லை. பலர் புள்ளியை ஒரு சிறு சுழியாகவோ கீற்றாகவோ போடுவதற்கு இதுவும் ஒரு காரணம். வேகமாக எழுதும்போது இந்தக் கூடுதல் அசைவு விட்டுப்போய், மெய்யெழுத்துகள் உயிர்மெய்யாக நிற்கின்றன. நீர்த்த மையுள்ள பேனாக்களில் தொட்ட மாத்திரத்தில் புள்ளி விழுந்துவிடும். புள்ளியை அடிக்கடி விடும் மாணவரிடம் கவனக்குறைவைக் காணும் ஆசிரியர், அவருடைய பேனாவையும் ஒருமுறை காண்பது நல்லது.

தாள் பாதி

எந்த மையும் தாளோடு சேர்ந்தே எழுத்தாகிறது. தாளின் கனத்தை ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று அளந்து ஜி.எஸ்.எம். என்று குறிக்கின்றனர், மலிவான நோட்டுகளின் தாள் 60-க்கு அருகிலும் அதற்குக் கீழும், நகலெடுக்கும் தாள் 70 முதல் 80 வரையிலும் இருக்கும். ஆனால் கனம் மட்டும் போதாது. நார்களுக்கு இடையே மை பரவாதிருக்கத் தாளில் பிசின் போன்ற ஒரு பொருளைச் சேர்த்து ஈரத்தை உறிஞ்சும் வேகத்தைக் குறைப்பார்கள். அது குறைவாக உள்ள தாளில் மைப் பேனாவின் கோடு ஓரங்களில் வேர் விட்டதுபோல் பரவும். கரூர் மாவட்டம் காகிதபுரத்திலுள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டு எழுதுதாளும் அச்சுத்தாளும் செய்வது பலரும் அறிந்தது. எந்த நாரால் ஆன தாளாயினும், வாங்கும் முன் ஒரு மூலையில் எழுதி, பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதே சரியான சோதனை. மெல்லிய, உறிஞ்சும் தாளே கிடைக்கும் இடத்தில் பந்துமுனைப் பேனாவைக் கொள்வதே அறிவுடைமை.

நிலைத்து நிற்கும் எழுத்து

மையின் நிறம் இரண்டு வழியில் உண்டாகிறது. சாயம் என்பது நீர்மத்தில் முழுக்கக் கரைவது. அது தாளின் நாரைக் கறைப்படுத்தும், ஆனால் வெளிச்சத்தில் நாளடைவில் வெளிறும். நிறமி கரையாத துகள் என்பதால் நாரிலேயே சிக்கி நின்று, வெளிச்சத்தையும் நீரையும் பெரிதும் தாங்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கான கழுவக்கூடிய நீல மை சாயத்தால் ஆனது. ஒரு துளி மழைநீர் பட்டால் வரி கலைந்துவிடும். பந்துமுனை மை நீரைத் தாங்கினாலும் ஆல்கஹாலில் கரையும். கைச்சுத்திகரிப்புத் திரவம் பட்ட இடத்தில் கையெழுத்து பரவுவதைக் காணலாம். நிறமியுள்ள ஜெல் மை இவ்விரண்டையும் பெரும்பாலும் தாங்கி நிற்கும்.

இரும்பு உப்பையும் துவர்ப்புப் பொருளையும் சேர்த்த பழைய மை, தாளில் விழுந்தபின் காற்றோடு வினைபுரிந்து கறுத்து நிலைப்பது. ஐரோப்பாவில் கருவாலி மரத்துக் காய்ப்புகளிலிருந்து எடுத்த துவர்ப்பை இதற்குக் கொண்டனர். தமிழகத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்துக் காய்ச்சிய நாட்டு மையும் இதே வேதியியலைச் சார்ந்தது. இன்று பத்திரங்களுக்கும் பதிவேடுகளுக்கும் ஏற்ற மையை அறிய ஓர் எளிய வழி உண்டு: ஆவணப் பயன்பாட்டுக்கென வகுக்கப்பட்ட ஐ.எஸ்.ஓ. 12757-2 என்னும் தரம் பந்துமுனைக்கும், 27668-2 என்னும் தரம் ஜெல்லுக்கும் உரியவை. சில ரீஃபில்களின்மீது இவை அச்சிடப்பட்டிருக்கும்.

இதற்கு நேர்மாறானது அழிக்கக்கூடிய வெப்ப மை. பைலட் நிறுவனம் 2006-இல் வெளியிட்ட ஃபிரிக்ஷன் பேனாவின் மை, ரப்பர் நுனியால் தேய்க்கும்போது உண்டாகும் சூட்டில், ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸில் நிறம் இழக்கிறது. திட்டம் தீட்டவும் திருத்தி எழுதவும் அது உதவும். வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடக்கும் நோட்டில் முழுப் பக்கமும் மறைந்துபோகவும் கூடும். காசோலையிலும் விண்ணப்பத்திலும் தேர்வுத்தாளிலும் அதைப் பயன்படுத்தவே கூடாது. காசோலையைப் பொறுத்தவரை, கறுப்பு மையால் எழுதியது செல்லாது என்று 2025 ஜனவரியில் பரவிய செய்தி பொய் என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் அறிவித்தது. ரிசர்வ் வங்கி குறிப்பிட்ட நிறம் எதையும் விதிக்கவில்லை. மை அழியாததாகவும் தெளிவாகத் தெரிவதாகவும் இருப்பதே முக்கியம்.

எந்த வேலைக்கு எந்தப் பேனா

மேற்கண்டவற்றிலிருந்து தேர்வு எளிதாகிறது. வட்டங்களை நிரப்பும் ஓ.எம்.ஆர். விடைத்தாளுக்குப் பந்துமுனைப் பேனாவே உரியது. மை பரவாமலும் பின்பக்கம் ஊறாமலும் இருந்தால்தான் கருவி சரியாகப் படிக்கும். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் கறுப்புப் பந்துமுனைப் பேனாவை வலியுறுத்துவதும் இதற்கு இசைந்ததே. குறைந்த அசைவில் வட்டம் நிரம்ப இங்கு தடித்த முனை நன்மை தரும். நெடிய விடை எழுதும் தேர்வுக்கு, பலமுறை எழுதிப் பழகிய 0.5 ஜெல் அல்லது வழவழப்பான பந்துமுனை ஏற்றது. தேர்வு நாளில் புதிய வகையை முதன்முதலாக எடுப்பது தவறு. கையெழுத்தைத் திருத்திக்கொள்ள விரும்புபவருக்கு மைப் பேனாவைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை; அது அழுத்தத்தைக் குறைக்கிறது, வேகத்தை நிதானப்படுத்துகிறது.

வகுப்பில் குறிப்பெடுப்பவரின் தேவை தனி. கணினியில் தட்டச்சுச் செய்தவர்களைவிடக் கையால் குறிப்பெடுத்தவர்கள் கருத்துநிலைக் கேள்விகளுக்கு நன்றாக விடையளித்ததாக அமெரிக்க ஆய்வாளர்களான பாம் முல்லரும் டேனியல் ஓப்பன்ஹைமரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு பெரிதும் பேசப்பட்டது. பின்னர் வேறு சிலர் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்தபோது வேறுபாடு அவ்வளவு தெளிவாக வரவில்லை. எனினும் அவர்கள் சொன்ன காரணம் சிந்திக்கத்தக்கது: கேட்பதை எல்லாம் கையால் எழுத இயலாது என்பதால், எழுதுபவர் கேட்கும்போதே சுருக்கித் தம் சொல்லில் எழுதுகிறார். அந்தச் சிந்தனைக்கு இடையூறு செய்யாத பேனாவே நல்ல குறிப்புப் பேனா. விட்டுவிட்டு எழுதும் பேனா, உலரக் காத்திருக்க வேண்டிய பேனா, மூடியைத் திருகிக் கழற்ற வேண்டிய பேனா ஆகியவை மனத்தைப் பேனாவின்பால் இழுக்கும். ஆகவே இங்கு பொத்தான் அழுத்தித் திறக்கும், விரைவில் உலரும் மையுள்ள, பிடி சற்றுப் பருத்த பேனாவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முனையிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் விரல்கள் இறுகாமல் இருக்கும்.

கடையில் சோதிப்பதற்கும் முறை உண்டு. சுழி சுழித்துப் பார்ப்பதால் மை வருகிறது என்பது மட்டுமே தெரியும். அதற்குப் பதிலாக, வழக்கமாகப் பிடிக்கும் சாய்வில், வழக்கமான அளவில், ணகரமும் புள்ளியும் நிறைந்த இரண்டு வரி எழுத வேண்டும். மூன்று நொடி கழித்து விரலால் தேய்க்க வேண்டும். தாளின் பின்பக்கத்தைத் தடவ வேண்டும். எழுத்தின் தடம் புடைத்துத் தெரிந்தால் கை அழுத்துகிறது என்று பொருள். அந்தப் பேனா நெடிய எழுத்துக்கு ஆகாது. ரீஃபில் தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்பதும் இன்றியமையாதது. மை தீர்ந்ததும் உடலோடு தூக்கி எறியும் பேனாக்களே மலிவு என்னும் எண்ணம் வேரூன்றிவிட்டது. ஆனால் மாதம் பல பேனாக்களைத் தீர்க்கும் மாணவருக்கு, நல்ல உடலொன்றை வாங்கி ரீஃபிலை மட்டும் மாற்றுவது செலவையும் குப்பையையும் ஒருங்கே குறைக்கும்.

எழுதுவது உடல் உழைப்பு. கை, கண், மனம் மூன்றும் அதில் ஈடுபடுகின்றன. அந்த உழைப்பில் தேவையற்ற பகுதியைக் குறைப்பதே நல்ல பேனாவின் பணி. அதைத் தேர்ந்தெடுக்கப் பெரும்பொருள் வேண்டியதில்லை; மையைப் பற்றிய சிறிது அறிவும் சில நிமிடப் பொறுமையும் போதும். கையெழுத்து சரியில்லை, புள்ளி விடுகிறான், மெதுவாக எழுதுகிறாள் என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்வதற்கு முன், அவர்கள் கையிலிருக்கும் பேனாவை வாங்கி ஒரு முழுப் பக்கம் எழுதிப் பார்ப்பது பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் உரிய கடமை.